கதவு திறந்தால் வரவேற்புரை

1

நெதர்லாந்தில் நாங்கள் குடிபுகுந்திருக்கும் புதிய வீட்டின் கூடத்தில், சென்ற ஞாயிற்றுக்கிழமை முற்பகல், சம்மணமிட்டு அமர்ந்து ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கரை நிறுவிக்கொண்டிருந்தேன். தேங்காய் மூடி அளவுதான் இருக்கும். ஆனால் அது கேட்ட கேள்விகள், எங்களுக்கு விசா வழங்கிய அலுவலகம் கேட்டவற்றுக்குக் குறைந்தவையல்ல. எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள், அந்த அறைக்கு என்ன பெயர், வீட்டில் எத்தனை பேர், அவர்களில் யார் பொறுப்பாளர் என்று வரிசையாகக் கேட்டது. கடைசிக் கேள்விக்கு நான் என் பெயரை இட்டேன். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிவேதா அதைப் பார்க்கவில்லை.

அடுத்து, கைப்பேசித் திரையில் அந்தக் கேள்வி வந்தது. முன்கதவு திறக்கும்போது ஏதேனும் ஒலிக்க வேண்டுமா?

மேடையில் வளர்ந்தவன் எதையும் வாய்விட்டுப் படிக்கும் வழக்கமுள்ளவன். படித்தேன். சமையலறையில் கத்தியின் சத்தம் நின்றது. நிவேதா சமையலறை வாசற்படிக்கு வந்து நின்று என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு தருமபுரி மாவட்டம் இண்டூரில் ஒரு வரலாறு உண்டு. அதை ஊரில் உள்ளவர்கள் வேறு வேறு விதமாகச் சொல்லி வருவதாக அறிகிறேன். உரிமையாளன் என்ற முறையில், முறையான வடிவத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

2

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு சொல். பள்ளியில் பட்டிமன்றம், கல்லூரியில் சொற்போர் என்று மாவட்டத்தின் பாதி மேடைகளில் ஏறியவன் நான். என் கோப்பைகளை வைப்பதற்கென்றே அப்பா கூடத்தில் ஓர் அலமாரி அடித்துக் கொடுத்தார். அவையை வணங்காமல் பொருளுக்குள் நுழைவது, செருப்போடு சமையலறைக்குள் நுழைவதைப் போன்றது என்பது நான் கற்ற பாடம்.

இந்த நாட்டில் அந்தப் பாடம் செல்லுபடியாகவில்லை. வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதியச் சென்றேன். டச்சு மொழியில் ஒரு சிறு முன்னுரையை மனப்பாடம் செய்திருந்தேன்: வணக்கம், நான் இன்ன ஊரிலிருந்து இன்ன பணிக்காக வந்திருக்கிறேன், உங்கள் நகரம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று. நகரத்தைப் பாராட்டும் இடத்தை நான் எட்டும் முன்பே, கண்ணாடிக்கு அப்பால் இருந்த அம்மையார், 'உங்கள் கேள்வி என்ன?' என்றார். என் தாயை விட மூத்த அவரை, மொழி தடுமாறி, நீ என்று வேறு அழைத்துவிட்டேன். அன்று மாலை வரை எனக்கு முகம் கூசியது. அவரோ அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை; ரசீதைக் கொடுத்து அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

ஸ்மார்ட் ஸ்பீக்கரும் அந்த அம்மையாரின் இனத்தைச் சேர்ந்தது. சில நொடிகள்தான் செவிமடுக்கும். அதன் பேர் சொல்லி அழைத்து, பணி முடிந்து களைத்து வந்திருக்கும் நான் இந்த இருண்ட அறையில் வெளிச்சத்தை வேண்டி நிற்கிறேன் என்று ஆங்கிலத்தில் நான் தொடங்கினால், வெளிச்சத்துக்கு வருவதற்குள் அதன் நீல விளக்கு அணைந்துவிடும். இதே நகரத்தில் வாழும் சேலத்து நண்பரின் ஏழு வயது மகள், எங்கள் பழைய வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி டச்சில் இரண்டே சொற்கள் சொன்னாள். எல்லா விளக்குகளும் எரிந்தன. அவள் வீட்டுக்கு நாங்கள் போனாலும் அதே சாய்வுதான். எழுந்திருக்க மாட்டாள், ஒரு கையை மட்டும் தூக்குவாள். அவள் அப்பாவுக்கு அதில் வருத்தம். 'வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலீங்க இதுக்கு' என்பார். அந்த வருத்தத்தின் ஆழம் எனக்குத் தெரியும். காரணத்தை இனிச் சொல்கிறேன்.

3

மொரப்பூர் பக்கத்துப் பெண் நிவேதா. விடுமுறையில் வந்து பெண் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். அதன்பின் இருவரும் தொலைபேசியில் நிறையப் பேசினோம். சரியாகச் சொன்னால் நான் நிறையப் பேசினேன். எனக்கு இவள்தான் என்று முடிவாகிவிட்டது. அவள் பெற்றோருக்கும் சம்மதம். எஞ்சியிருந்தது ஒன்றுதான்: பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வர வேண்டும். வருகிறவர்களில் சொல் செல்லுபடியாவது ஒருவருக்கே. அவர் நிவேதாவின் தாய்மாமன் சின்னசாமி. அவர் தலையசைத்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

அவரைப் பற்றி நிவேதாவே என்னை எச்சரித்திருந்தாள். 'மாமாவுக்கு வூடு பெருசா சின்னதான்னெல்லாம் இல்லீங்க. வாசல்ல நின்னு, மூஞ்சியப் பாத்து, வாங்கன்னு கேக்கணும். அவ்ளோதான்.' வாங்க என்று சொல்லி அழைப்பதற்கு எங்கள் பக்கத்தில் கேட்பது என்று பெயர். ஒரு புதுமனை விழாவில், வீட்டுக்காரர் கைப்பேசியைப் பார்த்தபடியே வாங்க என்றதற்காக, வாசலோடு திரும்பிய மனிதராம். அந்த உறவு இன்றுவரை ஒட்டவில்லையாம்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். ஏனென்றால் என் அப்பா மாதையன், பேசுவதில் பெருங்கஞ்சர். ஆள் வந்தால் எழுந்து நிற்பார், துண்டைத் தோளிலிருந்து எடுப்பார், சிரிப்பார், நாற்காலியை இழுத்துப் போடுவார். சொல் மட்டும் வராது. பழகியவர்களுக்கு அது போதும். சின்னசாமிக்குப் போதாது. அம்மா பேசுவார், ஆனால் வீட்டுத் தலைவன் வாயிலிருந்து வராத வரவேற்பு எங்கள் பக்கத்தில் கணக்கில் சேராது.

நான் நினைத்தேன்: சொல்தானே வேண்டும்? சொல் என்னிடம் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கருவியும் இருக்கிறது.

4

இண்டூர் வீட்டுக்கு ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒன்றை அனுப்பி வைத்தேன். கூடவே, இணையத்தில் இயங்கும் பிளக்குகளும், கதவு திறப்பதை உணரும் காந்தத் துண்டுகள் இரண்டும். அதே தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்கா கோமதி, வீடியோவில் நான் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் பொருத்தினாள். செயலி நீட்டிய அறைகளின் பட்டியலில் மாட்டுக் கொட்டகை இல்லை. கார் நிறுத்துமிடம் இருந்தது. ஆகவே இன்றுவரை எங்கள் பசுக்கள் இரண்டும் அந்த நிறுவனத்தின் ஆவணங்களில் கார்கள்.

அம்மா ஒரே நாளில் பழகிக்கொண்டார். 'லைட் ஆன்' என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு, எரிந்ததும், 'நல்லா இரு கண்ணு' என்பார். அப்பா மட்டும் அதனிடம் வாயே திறக்கவில்லை. கோமதி வற்புறுத்தினாள். அவர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து அமர்ந்தார்.

'ஏம்ப்பா, சொன்னா அதே போடுமே' என்றேன்.

'நான் சும்மாதான குந்தியிருக்கறேன். குந்திகிட்டு இன்னொருத்தர வேல ஏவறதா?' என்றார். வாரம் முழுவதற்குமான அவருடைய பேச்சு அதோடு தீர்ந்தது.

என் திட்டத்தின் நியாயம் எனக்கு மேலும் உறுதிப்பட்டது. வரவேற்புரை ஒன்றை இயற்றி, என் குரலிலேயே பதிவு செய்தேன். 'கோட்டையும் கொற்றமும் கண்ட தகடூர் மண்ணில், உழவும் உபசாரமும் குறையாத இண்டூர் இல்லத்துக்கு வருகை தந்திருக்கும் சான்றோர் பெருமக்களே' என்பது தொடக்கம். நடுவில் மொரப்பூரையும் அதன் ரயில் நிலையத்தையும் போற்றியிருந்தேன். இறுதியில் ஒவ்வொருவரையும் உறவு சொல்லி அழைத்து, வருக வருக என்று முடித்திருந்தேன். அந்த உரையில் குறையில்லை என்பதை இன்றும் எந்த நடுவர் முன்னும் நிறுவுவேன்.

கதவு திறந்ததும் ஸ்பீக்கர் இதை ஒலிக்க வேண்டும் என்று அமைத்தேன். அதற்குக் கதவு முதலில் மூடியிருக்க வேண்டும். ஆகவே கோமதியிடம் சொன்னேன்: வண்டிச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திவிடுங்கள், அவர்கள் தள்ளித் திறக்கட்டும், பேச்சுக்கு இடையூறின்றி அப்பாவும் அம்மாவும் உள்ளறையில் இருக்கட்டும், உரை முடிந்ததும் வெளிவந்து கும்பிட்டால் போதும்.

கோமதி ஒரு கணம் தயங்கினாள். 'பகல்ல கதவச் சாத்தறதாடா?' என்றாள்.

அப்போது நான் மூன்றாண்டுகளாகக் குளிர்நாட்டில் வாழ்ந்துவந்தேன். இங்கே கதவு என்றாலே மூடியிருப்பது. வெப்பம் வீணாகாமல் இருக்க, உள்ளே நுழைந்த கையோடு சாத்துவார்கள். அவள் எதற்குத் தயங்குகிறாள் என்பதே எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச நேரந்தானே என்றேன்.

5

குறித்த நாளில், இங்கே விடிந்தும் விடியாத நேரத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு கைப்பேசி முன் அமர்ந்தேன். ஸ்பீக்கர் இருந்த கூடத்து அலமாரியில் என் கோப்பைகளுக்கு நடுவே கோமதி தன் கைப்பேசியைச் சாய்த்து வைத்தாள். 'நீ பாக்கலாம். ஆனா வாயத் தொறக்காத. நான் சொல்றப்ப மட்டும் பேசு' என்று சொல்லி, என் குரல் அங்கே கேளாதபடி ஒலியைக் குறைத்துவிட்டாள்.

வண்டி வந்து நின்றது. கோமதி கதவைச் சாத்திவிட்டு அவளும் உள்ளறைக்குப் போனாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மூடிய கதவின் உட்பக்கம்தான். வெளியே நிற்பவர்களின் குரல்கள் மெலிதாகக் கேட்டன.

'என்னங்க, கதவு சாத்தியிருக்குது?'

'நல்ல நேரம் பாத்துதான வந்தோம்? தேதி கீது மாத்திச் சொல்லிட்டாங்களா?'

'ஆள் இருக்கற மாதிரியே தெரியல.'

நல்ல காரியத்துக்கு நேரம் பார்த்து வந்தவர்களை மூடிய கதவுக்கு முன்னால் வெயிலில் நிறுத்தியிருக்கிறோம். நெதர்லாந்தில் இருந்த எனக்கே அப்போதுதான் உறைத்தது. இண்டூரில் பகலில் ஒரு வீட்டுக் கதவு மூடியிருந்தால் அதற்கு இரண்டே பொருள்: வீட்டில் யாரும் இல்லை, அல்லது வந்தவர்களைப் பார்க்க விருப்பம் இல்லை.

யாரோ கதவைத் தள்ளினார்கள். 'கோட்டையும் கொற்றமும் கண்ட தகடூர் மண்ணில்' என்று என் குரல் முழங்கியது. தள்ளியவர் இரண்டடி பின்னால் போனார். எங்கள் வீட்டுக் கதவு நிலை சற்றுச் சாய்வானது. பிடிக்காவிட்டால் கதவு தானாக வந்து சேர்ந்துகொள்ளும். சேர்ந்தது. அடுத்தவர் தள்ளினார். 'கோட்டையும் கொற்றமும் கண்ட' என்று நான் மறுபடி தொடங்கினேன். ஒரு பெரியம்மா உள்ளே வந்தார்: கோட்டையும் கொற்றமும். பழத்தட்டோடு இன்னொருவர்: கோட்டையும். செருப்பை ஓரமாகப் போட ஒருவர் திரும்பப் போனார். போகும்போது ஒரு கோட்டை, வரும்போது ஒரு கோட்டை. மொரப்பூர் ரயில் நிலையத்தை நான் கடைசி வரை எட்டவேயில்லை.

நிறுத்த முயன்றேன். செயலியைத் திறந்தால், விதிமுறைகள் மாறியிருக்கின்றன, படித்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்றது. படிக்காமலே ஏற்றேன். நீங்கள்தான் பொறுப்பாளர் என்பதை உறுதிசெய்ய ஒரு குறியீட்டு எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த எண் என் இந்தியக் கைப்பேசி எண்ணுக்குப் போயிருந்தது. அந்த சிம் கார்டு இண்டூரில், அதே அலமாரியில், ஒரு கோப்பைக்குள் இருந்தது.

கடைசியாக ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. உள்ளே ஓரடி வைத்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வீட்டார் ஒருவரும் இல்லை. அலமாரியில் இருந்து என் குரல் சான்றோர் பெருமக்களே என்று அவரை விளித்தது. அவர் ஸ்பீக்கரைப் பார்த்தபடி, யாரிடம் என்றில்லாமல், மெதுவாகச் சொன்னார்.

'பொட்டி கூப்புடுது. ஆளு யாரும் கேக்கலியே.'

சொல்லிவிட்டு நிலைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அவர்தான் சின்னசாமி.

6

உள்ளறையிலிருந்து அப்பா வெளிப்பட்டார். உரை முடிந்ததும் வாருங்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். உரையோ தொடங்கியபடியே இருந்தது. இனியும் பொறுப்பதில்லை என்று அவரே முடிவு செய்திருக்க வேண்டும். நேரே அலமாரிக்கு வந்தார். அவர் முகம் என் திரை முழுதும் நிறைந்தது. ஸ்பீக்கரை ஒரு கணம் பார்த்தார். 'கொஞ்சம் இருங்க' என்று அதனிடம் சொன்னார். அவர் அதனிடம் பேசியது அன்று ஒரு நாள்தான். பிறகு பிளக்கைப் பிடுங்கினார்.

வந்தவர்கள் அமர்வதா போவதா என்று தெரியாமல் நின்றார்கள். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

'எல்லாரும் மன்னிச்சுக்கணும்' என்றார். 'கொஞ்சம் வெளிய வர முடியுங்களா?'

'எதுக்குங்க?' என்றார் பழத்தட்டு வைத்திருந்தவர்.

'நான் இன்னும் உங்கள வாங்கன்னு கேக்கலீங்க.'

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மாதான் முதலில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். எல்லாரும் வெளியேறினார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு வண்டி வரைக்கும் போனார்கள். அப்பா கதவின் இரண்டு பக்கங்களையும் அகலத் திறந்து, அம்மிக் குழவியை உருட்டி வந்து முட்டுக் கொடுத்தார். திறந்த வாசல் வழியே இப்போது எனக்குத் தெரு முழுதும் தெரிந்தது. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வண்டியடிக்கே போனார்.

'வாங்க மச்சான்' என்றார் நிவேதாவின் அப்பாவிடம். 'வாம்மா தங்கச்சி. வாங்க பெரியம்மா. வாங்க தம்பி, தட்ட இப்படிக் குடுங்க.' ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே ஒரு வாங்க. மீண்டும் அதே வரிசையில் எல்லாரும் உள்ளே வந்தார்கள். யாரோ சிரித்துவிட்டார்கள், சிரிப்பு ஒட்டிக்கொண்டது.

சின்னசாமி மட்டும் வண்டியோடு ஒட்டி நின்றார். அப்பா அவர் எதிரில் போய் நின்றார். சேர்த்து வைத்திருந்த சொற்களில் எஞ்சியது ஒன்றுதான். 'வாங்கண்ணா' என்றார். சின்னசாமி அவர் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்.

உள்ளே வந்து அமர்ந்ததும் அவர் பார்வை அலமாரிக்குப் போனது. கோமதி என் ஒலியைக் கூட்டினாள்.

'தம்பி, தொடக்கத்தத்தான் திரும்பத் திரும்பக் கேட்டோம்' என்றார். 'முடிவு எப்படி வெச்சிருக்கீங்க?'

எத்தனையோ சொற்போர்களில் எனக்குக் கிடைத்த நொடிகள் அந்த நொடிக்காகத்தான் என்னைப் பயிற்றியிருக்க வேண்டும். முன்னுரை சொல்லவில்லை. அவை வணக்கம் சொல்லவில்லை.

'முடிவு உங்ககிட்ட இருக்குதுங்க' என்றேன்.

அவர் என் அம்மா பக்கம் திரும்பி, 'என்னம்மா சமைச்சிருக்கீங்க?' என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. பேச்சு முடிவாகாத வீட்டில் பெண் வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீரும் காபியும் போகும். சோறு என்றால் சம்மதம். அதனாலேயே, முந்திக்கொண்டதாகிவிடும் என்று அம்மா விருந்து எதுவும் சமைக்கவில்லை. வீட்டாருக்கென்று காலையில் கிண்டிய ராகிக் களியும், கடைந்த கீரையும்தான் இருந்தன. அம்மா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

'களிதாங்க இருக்குது.'

'எங்க வூட்டுலயும் அதாங்க' என்றார் சின்னசாமி. 'போடுங்க.'

களி எல்லாருக்கும் காணாது என்று கோமதி தன் வீட்டுக்கு ஓடினாள். சின்னசாமி கை கழுவியதைக் கோப்பைகளுக்கு நடுவிலிருந்து நான் பார்த்தேன். அதற்கு மேல் திரை தெளிவாகத் தெரியவில்லை. இணைப்பில் கோளாறு ஏதுமில்லை.

7

ஆகவே, சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியை நான் வாய்விட்டுப் படித்தபோது, நிவேதா ஏன் வந்து நின்றாள் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். அவள் வெங்காயக் கையைத் துடைத்துவிட்டு என் கைப்பேசியை வாங்கினாள். கதவு திறக்கும்போது எதுவும் ஒலிக்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தாள். பிறகு, பொறுப்பாளர் யார் என்ற இடத்துக்குப் பின்னோக்கிப் போய் அதையும் திருத்தினாள். நான் எதிர்வாதம் செய்யவில்லை.

அப்போது அழைப்பு மணி அடித்தது. சேலத்து நண்பர் குடும்பம், புது வீடு பார்க்க வந்திருந்தது. எங்கள் வீடு மூன்றாம் மாடி. கீழே தெருக்கதவைத் திறக்கச் சுவரில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் போதும், அவர்களே ஏறி வருவார்கள். இந்த நாட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பழக்கத்தில் என் விரலும் பொத்தானுக்குப் போனது.

'என்ன பண்றீங்க?' என்றாள் நிவேதா. 'போய்க் கேளுங்க.'

மூன்று மாடியும் இறங்கினேன். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'வாங்க' என்றேன் நண்பரிடம். அவர் மனைவிக்கு ஒன்று. கோட்டுக்குள் புதைந்திருந்த மகளுக்கும் தனியாக, 'வா கண்ணு.' அவள் வழக்கம்போல ஒரு கையைத் தூக்கினாள்.

'ஏங்க, பட்டன் இருக்குதே, அமுக்குனா நாங்களே வருவோமே. இதுக்குப் போயி இவ்ளோ தூரம் எறங்கி வரணுமா?' என்று நண்பர் படியேறும் வரை என்னைக் கடிந்துகொண்டே வந்தார். ஆனால் அவர் நடையில் ஒரு புது மிடுக்கு இருந்தது. முதல் மாடித் திருப்பத்தில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

'பாத்தியா, கீழயே வந்து கேட்டாரு.'